எப்சிபாவுக்கு வந்த சீட்டு

ஜன்னலோரம் நீங்களே இருங்க தம்பி, நான் வாசுதேவநல்லூர்ல இறங்கிருவேன். தென்காசியில இருந்து நின்னுக்கிட்டே வந்தேன், கடையநல்லூர்லதான் இடம் கிடைச்சுது. உங்க நெத்தியில விபூதி பார்த்ததும் எனக்கு ஒரு நிம்மதி. நான் கிறிஸ்தவன். அப்புறம் என்ன நிம்மதின்னு கேட்பீங்க. நான் சொல்லப்போறதை எங்க ஆளுககிட்ட சொல்ல முடியாது. வாயைத் திறக்குமுன்ன வசனத்தை எடுத்து நீட்டிருவாங்க. நானும் அப்படி நீட்டினவன்தான், அதனால தெரியும்.

பேரு ஞானசிகாமணி. பாளையங்கோட்டை. பத்திர ஆபீஸ்ல முப்பத்தொரு வருஷம் இருந்தேன். கிரயம், அடமானம், விடுதலைப் பத்திரம், எத்தனையோ வீட்டுச் சண்டை என் மேசை வழியாத்தான் போச்சு. பெருமைக்குச் சொல்லல, என் கையில ஒரு பதிவு தப்பினதில்ல. ஒரு எழுத்தை அடிச்சா ஓரத்துல அதுக்குச் சான்று எழுதிக் கையெழுத்துப் போடணும். அது எனக்கு ஊறிப்போன பழக்கம். ரிட்டயர் ஆன மறுவருஷம் வீட்டுக்காரி ரோஸ்லெட் போயிட்டா. மகன் ஓசூர்ல வேலையா இருக்கான். ஒரு வீடு, ஒரு ஆளு, ஒரு போன். என்ன செய்ய?

போன்ல ஒரு குழு ஆரம்பிச்சேன். 'கேளுங்க, பேசுவோம்'னு பேரு. விசுவாசத்துல சந்தேகம் உள்ளவங்க, சபையில கேட்க வெட்கப்படுற கேள்வி உள்ளவங்க, யார் வேணும்னாலும் கேட்கலாம். பேர் போட வேண்டாம், முகம் காட்ட வேண்டாம். பத்துப் பேர்ல ஆரம்பிச்சு நானூறு தாண்டிருச்சு. ஈரோடு, மஸ்கட், மலேசியா, எங்கெங்கயோ இருந்து கேட்பாங்க. பக்கத்து வீட்டுல குடுத்த சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிடலாமான்னு ஒருத்தர். கோவிச்சுக்காதீங்க, அப்படியும் கேட்பாங்க. குடிகாரப் புருஷனை விட்டுட்டு வந்தா ஆண்டவர் ஏத்துக்குவாரான்னு ஒரு அம்மா. இயேசுவை அறியாமச் செத்துப்போன எங்க தாத்தா நல்ல மனுஷன், இப்ப எங்க இருப்பார்னு ஒரு பிள்ளை. எல்லாத்துக்கும் பதில் சொல்லுவேன். இந்தப் புஸ்தகம், இந்த அதிகாரம், இந்த வசனம்.

வம்புக்கு வர்றவங்களும் உண்டு. உங்க கடவுள் சின்னப் பிள்ளைகளுக்கு ஏன் புற்றுநோய் வைக்கார்னு ஒருத்தன் கேட்டான். மூணு நாள் அவனோட மல்லுக்கட்டினேன். நாலாவது நாள் அவனே விலகிப் போயிட்டான். ஜெயிச்சாச்சுன்னு இருந்துட்டேன். வீட்டுல யாருக்கும் சுகமில்லையாப்பான்னு நான் கேட்கல. கேட்கணும்னு தோணல.

இப்ப சீட்டுக் கதைக்கு வாரேன். எங்க சபையில ஒரு வழக்கம் உண்டு. புதுவருஷ ஆராதனை முடிஞ்சதும் ஒரு தட்டுல சின்னச் சின்னச் சீட்டா வச்சிருப்பாங்க. ஒவ்வொண்ணுலயும் ஒரு வசனம் இருக்கும். வாக்குத்தத்தச் சீட்டும்பாங்க. கண்ணை மூடி ஆளுக்கு ஒண்ணு எடுக்கணும். எது வந்துச்சோ அது அந்த வருஷத்துக்கு ஆண்டவர் உனக்குன்னு சொன்ன வார்த்தை. ரோஸ்லெட் வீட்டுக்குன்னே ஒரு பெட்டி வச்சிருந்தா. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி, அதோட பின்பக்கம் அவ கைப்பட எழுதின முந்நூறு வசனம். அவ போனப்புறம் அந்தப் பெட்டியைக் குழுவுக்குக் கொண்டுவந்தேன். எந்தப் பதிலுக்கும் அடங்காத கேள்வி சிலது வரும் பாருங்க, அதுக்கு. மாசத்துல முதல் சனிக்கிழமை விடிஞ்சதும் முழங்கால் போட்டு ஜெபிச்சிட்டு, கேட்டவங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு சீட்டு எடுப்பேன். எடுத்த உடனே நோட்டுல பதிஞ்சிருவேன், இந்தப் போன் எண்ணுக்கு இந்த வசனம்னு. அப்புறம்தான் சீட்டைப் போட்டோ பிடிச்சு அனுப்புறது. சீட்டுப் போடுறது தப்புன்னு சிலபேர் சண்டைக்கு வந்தாங்க. இயேசுவைக் காட்டிக்குடுத்த யூதாசுக்குப் பதிலா ஆள் எடுக்க அவரோட சீஷர்களே சீட்டுத்தான் போட்டாங்கன்னு எடுத்துக் காட்டினேன். கப்சிப்னு ஆயிட்டாங்க.

போன ஜூன் மாசம் ஒரு பொண்ணு எழுதினா. எப்சிபான்னு பேரு, அது பின்னாலதான் தெரியும். அவங்க அப்பா மோட்டார் ரிப்பேர் பண்றவர். மூளையில ரத்தம் உறைஞ்சு இருபத்துமூணு நாளா மெஷின்ல மூச்சு விடுதார். இனிமே எழுந்திருக்க மாட்டார், குழாயை எடுக்கிறதும் வைக்கிறதும் உங்க முடிவுன்னு டாக்டர் சொல்லிட்டார். அம்மா, நீதான் படிச்சவ, நீயே சொல்லுன்னுட்டு ஒதுங்கிட்டாங்க. குழாயை எடுக்கச் சொன்னா நான் அப்பாவைக் கொன்னவளா, எடுக்காட்டா அவரை வதைக்கிறவளா? இதுதான் அவ கேட்டது.

குழுவுல ரெண்டு நாள் இதே பேச்சு. எடுத்தா கொலைன்னு ஒரு கூட்டம். மெஷின் மனுஷன் செஞ்சது, மூச்சு ஆண்டவர் குடுத்தது, மெஷினை நிறுத்துறது கொலையாகாதுன்னு ஒரு கூட்டம். ஆளாளுக்கு வசனம் போட்டாங்க. முகம் தெரியாத அந்தப் பொண்ணு அது எல்லாத்தையும் ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்து படிச்சிருக்கா. நான் ரெண்டு பக்கமும் சேரல. உனக்காகச் சீட்டு எடுக்கேம்மா, பொறுத்திருன்னு மட்டும் எழுதினேன்.

அதே மாசம் மஸ்கட்ல இருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். கூடப்பிறந்த அண்ணனோட பதினோரு வருஷமா வீட்டு வழக்கு. பேசி முடிச்சுக்குவோம்னு அண்ணன் ஆள் அனுப்பியிருக்கார். வழக்கை விடவா வேண்டாமான்னு கேட்டார். எல்லாம் சேர்த்து அந்த மாசம் ஏழு பேரு.

ஏழு சீட்டும் எடுத்தாச்சு. மேசையில வரிசையா வச்சு, நோட்டுலயும் பதிஞ்சாச்சு. அன்னைக்குக் காலையில கரண்ட் இல்ல. போனை எடுத்து போட்டோ பிடிக்கப் போறேன், கரண்ட் வந்துச்சு. மேல ஃபேன் சுத்த ஆரம்பிச்சு, ரெண்டு சீட்டு பறந்து கட்டிலுக்கு அடியில போயிருச்சு. குனிஞ்சு எடுத்தேன். எது எந்த இடத்துல இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும்னு ஒரு நினைப்பு. அப்படியே வச்சேன், போட்டோ பிடிச்சேன், அனுப்பினேன். நோட்டைத் திருப்பிப் பார்க்கல. பக்கத்துலதான் தம்பி இருந்துச்சு, கை நீட்டுற தூரம். முப்பத்தொரு வருஷம் ஒவ்வொரு வரியையும் ரெண்டு தடவை ஒப்புப் பார்த்தவன் நான். அன்னைக்குப் பார்க்கல.

எப்சிபாவுக்குப் போன சீட்டு என்னன்னு சொல்லணும். உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. லாசருன்னு ஒருத்தன் செத்துப்போய் நாலு நாள் கல்லறையில கிடந்தான். இயேசு வெளிய வான்னு கூப்பிட்டார். சுத்தின துணியோட அப்படியே எழும்பி வந்தான். இவன் கட்டை அவிழ்த்து விடுங்கன்னு இயேசு சுத்தி நின்னவங்ககிட்ட சொன்னார். அந்த வசனம்தான் போச்சு. திங்கட்கிழமை காலையில அவ கையெழுத்துப் போட்டுட்டா. குழாயை எடுத்தாங்க. நாற்பது நிமிஷம் இருந்தாராம். அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு அவரு காதுல பாட்டுப் பாடிக்கிட்டே இருந்தாளாம். அன்னைக்குச் சாயங்காலம் குழுவுல எழுதினா, ஆண்டவர் தெளிவாச் சொல்லிட்டார், அப்பாவோட கட்டை அவிழ்த்து விட்டுட்டோம், நன்றி ஐயான்னு. நூறு பேருக்கு மேல கைகூப்பின படம் போட்டாங்க. எனக்கும் கண்ணு நிறைஞ்சுது. என்ன பொருத்தமான வசனம்னு பூரிச்சுப் போயிட்டேன்.

சீட்டு பலிச்சுதுன்னு வந்த நல்ல சாட்சிகளை மாசக் கடைசியில தொகுத்து எழுதுறது வழக்கம். அதுக்காக நோட்டைத் திறந்தேன். என் கையெழுத்துதான். எப்சிபா எண்ணுக்கு நேரா, காத்திரு, திடமா இருன்னு வர்ற சங்கீத வசனம் எழுதியிருக்கு. லாசரு வசனம் மஸ்கட் தம்பிக்கு நேரா இருக்கு. கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பார்த்தேன். எழுந்து ஜன்னலைத் திறந்து வச்சுட்டுப் பார்த்தேன். அப்படியேதான் இருந்துச்சு.

மாத்தினது யாரு? இதைத்தான் தம்பி நான் இன்னும் கேட்டுக்கிட்டு இருக்கேன். சீட்டு ஆண்டவரோடதுன்னா பறந்ததும் அவர் செயல்தானேன்னு ஒரு மனசு சொல்லும். காத்து அவரோடது, சரி. ஃபேன் என் மகன் வாங்கி மாட்டினது. குனிஞ்சு எடுத்து வச்ச கை என்னோடது. அதுமட்டுமில்ல. அந்த வசனம் உயிரோட எழும்பி வந்தவனுக்குச் சொன்னது. அந்தப் பொண்ணு அதைச் சாகவிடுறதுக்கு எடுத்துக்கிட்டா. சீட்டை அனுப்பினப்பவே கீழ ஒரு வரி விளக்கம் எழுதியிருக்கலாம். எல்லாருக்கும் எல்லாத்தையும் விளக்குறவன், அவளுக்கு எழுதல.

மஸ்கட் தம்பிக்குக் காத்திருன்னு போச்சு. அவருக்கு ஏக சந்தோஷம். இன்னைக்கு வரைக்கும் வழக்கை விடல. போன வாரம்கூட வாய்தா வாங்கியாச்சு ஐயா, ஆண்டவர் சொன்னபடி காத்திருக்கேன்னு எழுதினார். அவர்கிட்ட இன்னும் சொல்லல. சொல்லணும். ஒண்ணொண்ணாத்தானே செய்ய முடியும்.

ஆறு மாசம் யார்கிட்டயும் மூச்சு விடல. ஆனா அந்த மனுஷன் என் வீட்டுக்கு வந்துட்டார் தம்பி. எப்சிபாவோட அப்பாவைச் சொல்லுதேன். நான் அவரைப் பார்த்ததே இல்ல, போட்டோவுலகூட. ஆனா தெரியும். இடுப்புல கட்டம் போட்ட சாரம், நகக்கண்ணுல கிரீஸ் கறை. ஃபேன் போட்டா அந்தச் சத்தம் அவரு இழுத்து இழுத்து மூச்சு விடுற மாதிரி இருக்கும். அணைச்சா அவரு மூச்சு நின்னுபோற மாதிரி இருக்கும். அதனால போடுறதே இல்ல. இந்தச் சித்திரை வெயில்ல ஃபேன் இல்லாம இருக்கேன், என் முதுகைப் பாருங்க, எல்லாம் வேர்க்குரு. பயமா இருக்கு தம்பி. பகல்லயே பயமா இருக்கு.

சீட்டை நிறுத்திட்டீங்களான்னு கேட்காதீங்க. அனுப்பிக்கிட்டுத்தான் இருக்கேன். மாசம் பிறந்தா எதிர்பார்க்காங்களே. நோட்டை ரெண்டு தடவை ஒப்புப் பார்த்துட்டுத்தான் அனுப்புறேன்.

ஜனவரியில இனிமே தாங்காதுன்னு ஆயிருச்சு. பதிவு தப்புன்னா திருத்தணும், திருத்தினவன் கையெழுத்துப் போடணும். எனக்குத் தெரிஞ்ச நேர்மை அதுதான். விலாசம் கேட்டு வாங்கி, இதே பஸ்ஸுல வாசுதேவநல்லூருக்குப் போனேன். அம்மாவும் மகளும் வாசலுக்கே வந்து கூட்டிக்கிட்டுப் போனாங்க. எப்சிபா ஒல்லியான பொண்ணு, முப்பத்தொரு வயசு, பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். சிவகாசியில மாப்பிள்ளை பேசி முடிச்சிருக்கு, அப்பா வருஷம் திரும்பினதும் கல்யாணம்னு சொன்னாங்க. காப்பி குடிச்சேன். ஜெபம் பண்ணினேன். அப்புறம் நோட்டை எடுத்துக் காட்டி, கரண்ட் போனதுல இருந்து எல்லாத்தையும் ஒப்பிச்சேன். அம்மா சேலைத் தலைப்பை வாயில வச்சுக்கிட்டாங்க. அவ அந்த வரியில விரலை வச்சுப் படிச்சா.

"அப்ப எனக்கு வந்தது காத்திருங்கிறதா ஐயா?"ன்னு கேட்டா.

"ஆமாம்மா."

"எத்தனை நாள்னு போட்டிருக்கா?"

அப்படியெல்லாம் போடலம்மான்னேன். நோட்டை மூடி ரெண்டு கையாலயும் குடுத்தா. அழல. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே நடந்து வந்து ஏத்தி விட்டா. பக்குவமான பொண்ணு, நல்லபடியா எடுத்துக்கிட்டான்னு நினைச்சேன். ஆறு மாசத்துப் பாரம் இறங்கிருச்சு. தென்காசியில இறங்கி நாலு பரோட்டா சாப்பிட்டேன். அன்னைக்கு நல்லாத் தூங்கினேன். இப்ப அதைச் சொல்ல எனக்கே வெட்கமா இருக்கு.

மறுநாள் காலையில அவகிட்ட இருந்து போன்ல ஒரு செய்தி. வெறும் ஒண்ணுன்னு எண் போட்டிருந்தா. அடுத்த நாள் ரெண்டு. அதுக்கு அடுத்த நாள் மூணு. ஏதோ உபவாச ஜெபம் பிடிக்கான்னு நான் பாட்டுக்கு இருந்துட்டேன். இருபதாவது நாள்தான் என்னம்மா இதுன்னு கேட்டேன். எனக்கு வந்த சீட்டுப்படி காத்திருக்கேன் ஐயான்னு எழுதினா. யாருக்காகம்மா காத்திருக்கன்னு கேட்டேன். தெரியல, அப்பவே காத்திருந்தா தெரிஞ்சிருக்கும்னு எழுதினா. இன்னைக்குக் காலையில வந்த எண் தொண்ணூத்தாறு.

போன வாரம் அவங்க அம்மா போன் போட்டாங்க. வேலையை விட்டுட்டாளாம். சிவகாசிக்காரங்களைக் காத்திருக்கச் சொல்லி, அவங்க பொறுத்துப் பார்த்துட்டு வேற இடம் பார்த்துட்டாங்களாம். அப்பா படுத்த கட்டில்ல தினமும் விரிப்பு மாத்தி, பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்துக்கிடுதாளாம். சோறும் குறைஞ்சு குறைஞ்சு இப்ப தண்ணியும் பிஸ்கட்டும்தானாம். டாக்டர்கிட்ட வரமாட்டேங்கிறா, பாஸ்டர் சொல்லியும் கேட்கல, நீங்க சொன்னா மட்டும்தான் கேட்பான்னாங்க. கடைசியா ஒண்ணு சொன்னாங்க. "ஐயா, நீங்க உண்மையைச் சொல்லி எடுத்துக்கிட்டுப் போன நிம்மதி எங்க வீட்டுது. அதைத் திருப்பிக் கொண்டுவந்து குடுங்க." அவ்வளவுதான், வச்சிட்டாங்க.

என்ன செய்யன்னு குழுவுலயே கேட்டேன். ஒரு சகோதரர் கேட்கிறார்னு மாத்திப் போட்டேன், ஒரு உயிரைக் காப்பாத்தப் பொய் சொல்லலாமான்னு. எரிகோ பட்டணத்துல ராகாப்னு ஒருத்தி, ஒளிஞ்சிருந்த ரெண்டு பேரைக் காப்பாத்தப் பொய் சொன்னா, அது வேதத்துலயே இருக்கு. மூணு வருஷத்துக்கு முன்ன இதே கேள்வி வந்தப்ப, ராகாப் செஞ்சது சரிதான்னு ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா வாதாடினாங்க. நான் அவங்களைக் குழுவை விட்டே எடுத்துட்டேன். இப்ப என்ன நடந்துச்சு தெரியுமா? அன்னைக்கு நான் எழுதினதை ஒருத்தர் தேடி எடுத்து எனக்கே போட்டார். பொய் பொய்தான், நல்ல பொய்னு ஒண்ணு கிடையாது, பொய்யன் அக்கினிக்குப் பங்காளின்னு. கீழ என் பேரு. வரிசையா ஆமென், ஆமென்னு போட்டாங்க. நானூறு பேர்ல ஒருத்தர்கூட அந்த உயிர் யாருதுன்னு கேட்கல. அந்த டீச்சரம்மாவுக்குத் தனியாச் செய்தி அனுப்பினேன். என் எண்ணைத் தடுத்து வச்சிருப்பாங்க போல, பதில் இல்ல.

முந்தாநாள் இதை எழுதினேன். இதோ, பாருங்க. பழைய நோட்டு வாங்கின கடையிலயே வாங்கின அதே மாதிரிக் கட்டு நோட்டு. ஜூன் பக்கத்தை மட்டும் எழுதினா மாட்டிக்குவோம், அதனால வருஷம் முழுக்க இருக்கிற எல்லாப் பக்கத்தையும் திரும்ப எழுதினேன். நாலு பேனா மாத்தினேன். மாடியில வெயில்ல போட்டு எடுத்தேன். கள்ளப் பத்திரம் எத்தனையோ பிடிச்சவன் தம்பி, எங்கெங்க கோட்டை விடுவாங்கன்னு எனக்கு அத்துப்படி. இதுல எப்சிபா எண்ணுக்கு நேரா லாசரு வசனம் இருக்கு. இதுதான் அசல் நோட்டும்மா, அன்னைக்கு உனக்குக் காட்டினது நான் பின்னால எழுதின நகல், நகல் எடுத்தப்ப மாத்தி எழுதிட்டேன், உனக்கு வந்தது உனக்குத்தான் வந்துச்சுன்னு சொல்லப்போறேன். அசல் நகல் விஷயத்துல என் வாயில பொய் வரும்னு யாரும் நினைக்கமாட்டாங்க. மை ஒரே நாள்ல எழுதின மாதிரித் தெரியுதா? நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. தெரியலையே? சரி.

என்ன கேட்டீங்க? அவ குழாயை எடுக்கச் சொன்னது சரியா தப்பா, எனக்கு என்ன தோணுதுன்னா?

அதை யாரும் என்கிட்ட கேட்டதில்ல தம்பி. அவளும் கேட்கல. சீட்டு என்ன சொல்லுது, வசனம் என்ன சொல்லுதுன்னுதான் கேட்பாங்க. நீ தப்புப் பண்ணலம்மான்னு நானே சொன்னா எடுபடுமா? நான் சாதாரண ஆளு. அவளுக்குச் சீட்டுத்தான் சொல்லணும். அதுவும் போக, எனக்கு என்ன தோணுதுன்னு... உண்மையாவே தெரியல. யோசிச்சதில்ல.

அந்தா தெரியுது பாருங்க, ஊரு வந்துருச்சு. ஒண்ணுதான் பயம். அவ கணக்கு டீச்சர், லேசுல நம்பமாட்டா. வேதத்துமேல கை வச்சுச் சொல்லுங்க ஐயாம்பா. சத்தியமே பண்ணக்கூடாதுன்னு குழுவுல நாலு பக்கம் எழுதினவன் நான், அவளும் படிச்சிருப்பா. அதனாலதான் கேட்பா. கேட்கட்டும். கையை வைப்பேன். அவ எந்திரிச்சுப் போய்த் தட்டெடுத்து ஒரு வாய் சோறு தின்னுற வரைக்கும் எடுக்கமாட்டேன்.